டோக்கியோ போர்க்குற்ற விசாரணை

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானின் தலைவர்களை விசாரிக்க நேச நாடுகள் அமைத்த தூரகிழக்கு சர்வதேச இராணுவத் தீர்ப்பாயத்தின் வழக்கே இப்பெயரால் அறியப்படுகிறது. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயம் நான்கு நாடுகளின் ஒப்பந்தத்தால் உருவானது. டோக்கியோ தீர்ப்பாயமோ 1946 ஜனவரி 19 அன்று நேசப் படைகளின் தலைமைத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் விடுத்த பிரகடனத்தால் பிறந்தது. நீதிபதிகளை நியமித்தவரும் அவர்தான், தண்டனையைக் குறைக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. பின்னாளில் எழுந்த விமர்சனங்களுக்கு இதுவும் ஓர் ஊற்று.

1946 மே 3 அன்று டோக்கியோவின் இச்சிகயாவில், பழைய போர் அமைச்சகக் கட்டடத்தில் விசாரணை தொடங்கியது. 11 நாட்டு நீதிபதிகளுக்கு ஆஸ்திரேலியரான வில்லியம் வெப் தலைமை வகித்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 28 பேர். முதல் நாள் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டபோதே, ஒகாவா ஷூமெய் என்ற எழுத்தாளர் தமக்கு முன்னால் அமர்ந்திருந்த முன்னாள் பிரதமர் ஹிதெக்கி டோஜோவின் வழுக்கைத் தலையில் அறைந்தார். மனநிலை சரியில்லை என்று அவர் வழக்கிலிருந்து நீக்கப்பட்டார். இருவர் விசாரணை முடியுமுன் இறந்தனர்.

ஆக்கிரமிப்புப் போருக்குத் திட்டமிட்டதே முதன்மைக் குற்றச்சாட்டு. சீனாவின் நான்கிங் நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலை, போர்க்கைதிகளை வதைத்தது ஆகியவையும் சேர்ந்துகொண்டன. போரின்போது ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை செய்த 46,000 போர்க்கைதிகளில் 16,000 பேர் மாண்டதாகத் தீர்ப்பு கூறுகிறது. அதே பாதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்தார்கள். கைதிகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் டோஜோ என்பது தீர்ப்பின் முடிவு.

கூண்டில் நிற்காதவர்களில் முதல்வர் பேரரசர் ஹிரோஹிட்டோ. ஜப்பானில் நேசப் படைகளின் ஆட்சியை அமைதியாக நடத்த அவர் தேவை என்று மக்ஆர்தர் கருதினார். 1947 டிசம்பர் 31 அன்று சாட்சியமளித்த டோஜோ, மாமன்னரின் விருப்பத்தை எந்த ஜப்பானியரும் மீறமாட்டார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் போரும் மாமன்னரின் விருப்பமா என்ற கேள்வி எழுந்தது. தலைமை வழக்குரைஞர் ஜோசப் கீனனே பின்னணியில் ஏற்பாடு செய்து, ஒரு வாரத்துக்குள் டோஜோவைத் தம் பேச்சைத் திருத்தவைத்தார். எதிரியின் சாட்சியத்தை அரசுத் தரப்பே செப்பனிட்ட விசித்திரம் இது. கைதிகள்மீது கிருமி ஆயுதச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவின் தலைவர் ஷிரோ இஷீயும் வழக்கில் சேர்க்கப்படவில்லை. ஆய்வுத் தரவுகளை அமெரிக்கர்களிடம் ஒப்படைத்ததற்கு ஈடாக அவர் தப்பினார்.

1948 நவம்பர் 4 முதல் 12 வரை தீர்ப்பு வாசிக்கப்பட்டது. 25 பேரும் குற்றவாளிகளே. 7 பேருக்குத் தூக்கு, 16 பேருக்கு ஆயுள், இருவருக்குக் குறைந்த தண்டனை. டிசம்பர் 23 அன்று சுகாமோ சிறையில் டோஜோ உள்ளிட்ட எழுவரும் தூக்கிலிடப்பட்டனர்.

இந்தியாவின் சார்பில் அமர்ந்த வங்காளி நீதிபதி ராதாபினோத் பால், 1,200க்கும் மேற்பட்ட பக்கங்களில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் அனைவரையும் விடுவித்தார். போர் தொடங்கியபோது இல்லாத சட்டத்தைக் கொண்டு தண்டிப்பது வென்றவரின் நீதி என்பது அவர் வாதம். நேசப் படைகளின் ஆட்சி முடிந்த 1952இல்தான் இது ஜப்பானில் நூலாக வந்தது. அதைத் தங்களுக்குக் கிடைத்த நற்சான்றாக அங்குள்ள தேசியவாதிகள் எடுத்துக்கொண்டார்கள், 2005இல் போரில் மாண்டோரை நினைவுகூரும் யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல்லும் நட்டார்கள். நான்கிங்கில் கொடுமைகள் நடந்ததற்குச் சான்றுகள் மிக வலுவானவை என்று பால் எழுதியதை இவர்கள் சொல்வதில்லை. அவர் மறுத்தது வழக்கின் சட்ட அடிப்படையைத்தான்.

சிறையிலிருந்தவர்களில் பெரும்பாலானோர் 1950களின் நடுப்பகுதிக்குள் பரோலில் வெளிவந்தனர். ஏழாண்டுத் தண்டனை பெற்ற மமோரு ஷிகெமித்சு 1954இல் மீண்டும் வெளியுறவு அமைச்சரானார். ஆயுள் தண்டனை பெற்ற ஒகினோரி காயா 1963இல் ஜப்பானின் நீதி அமைச்சரானார்.