நிகழ்வுத் தரவுப் பதிவி

நிகழ்வுத் தரவுப் பதிவி என்பது, தானுந்து ஒன்று மோதலுக்கு உள்ளாகும்போது, மோதலுக்குச் சற்று முன்னரும் மோதலின் போதும் அவ்வூர்தி இருந்த நிலையைப் பதிந்து வைக்கும் மின்னணு அமைப்பு ஆகும். வானூர்தியின் பறப்புப் பதிவியோடு ஒப்பிட்டு இதனைத் தானுந்தின் கருப்புப் பெட்டி என்றும் அழைப்பர். எனினும் பறப்புப் பதிவி பல மணி நேரத் தரவுகளைக் கொண்டிருக்கும்; இதுவோ சில வினாடிகளை மட்டுமே தக்கவைக்கிறது. பெரும்பாலான தானுந்துகளில் இது தனிக் கருவியாக இல்லாமல், காற்றுப்பைக் கட்டுப்பாட்டு அலகின் ஒரு பகுதியாகவே அமைந்துள்ளது.

வரலாறு

காற்றுப்பையை விரிப்பதா இல்லையா என்பதை அதன் கட்டுப்பாட்டு அலகு சில மில்லிவினாடிகளில் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவு சரியானதா எனப் பின்னர் ஆராயும் பொருட்டே அளவீடுகளைச் சேமிக்கும் முறை தோன்றியது. ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் 1990களில் தனது தானுந்துகளில் இவ்வசதியை விரிவாக்கியது. 2000 ஆம் ஆண்டில் இத்தரவுகளைப் படிக்கும் கருவி ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னரே காவல் துறையினரும் காப்புறுதி நிறுவனங்களும் இவற்றை எளிதில் பெற முடிந்தது.

ஐக்கிய அமெரிக்கா 2006 இல் வெளியிட்ட விதிகள் பதிவியைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதிவி பொருத்தப்பட்டிருந்தால் அது எவற்றைப் பதிய வேண்டும் என்பதை அவை வரையறுத்தன. இவ்விதிகள் 2012 செப்டம்பர் 1 முதல் உற்பத்தியான ஊர்திகளுக்குப் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 சூலை முதல் புதிய வகைத் தானுந்துகளுக்கும், 2024 சூலை முதல் எல்லாப் புதிய தானுந்துகளுக்கும் பதிவி கட்டாயமாக்கப்பட்டது.

செயற்பாடு

சக்கரம், முடுக்கி மிதி, பிரேக்கு, இருக்கைப்பட்டி ஆகியவற்றில் உள்ள உணரிகளின் அளவீடுகள் ஊர்தியின் உள் வலையமைப்பு வழியாகக் கட்டுப்பாட்டு அலகை அடைகின்றன. அங்கு அவை தற்காலிக நினைவகம் ஒன்றில் சுழற்சி முறையில் எழுதப்படுகின்றன. புதியது எழுதப்படும்போது பழையது அழிகிறது. ஊர்தியின் வேகம் 150 மில்லிவினாடிகளுக்குள் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ மாறினால், அது ஒரு நிகழ்வாகக் கொள்ளப்பட்டு, அதனையொட்டிய அளவீடுகள் நிலை நினைவகத்துக்கு மாற்றப்படுகின்றன. காற்றுப்பை விரிந்த நிகழ்வின் பதிவை அடுத்து வரும் நிகழ்வுகள் அழிக்க இயலாதவாறு பூட்டி வைக்க வேண்டும்.

பதியப்படும் தரவுகள்

2006 ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகள் 15 தரவுகளைக் கட்டாயமாக்கின. அவற்றுட் சில:

* மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளில் ஊர்தியின் வேகம் (வினாடிக்கு 2 அளவீடுகள்)
* அதே 5 வினாடிகளில் முடுக்கி மிதியின் நிலையும் பிரேக்கு அழுத்தப்பட்டதா என்பதும்
* ஓட்டுநர் இருக்கைப்பட்டி அணிந்திருந்தாரா என்பது
* மோதலால் ஏற்பட்ட வேக மாற்றம்
* காற்றுப்பை விரிய எடுத்துக்கொண்ட நேரம்

மோதலுக்கு முந்தைய பதிவை 20 வினாடிகளாகவும், வினாடிக்கு 10 அளவீடுகளாகவும் உயர்த்தும் விதி 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது. ஓட்டுநரின் பெயர், விபத்து நடந்த இடம், உரையாடல் ஆகியன இவற்றுள் அடங்கா.

சான்றாகப் பயன்படல்

2011 நவம்பரில் மாசச்சூசெட்சு மாநிலத் துணை ஆளுநர் டிமோத்தி மரே ஓட்டிச் சென்ற அரசுத் தானுந்து விபத்துக்குள்ளானது. தாம் இருக்கைப்பட்டி அணிந்திருந்ததாகவும் வேக வரம்பை மீறவில்லை என்றும் அவர் கூறியிருந்தார். 2012 சனவரியில் வெளியான பதிவுகளின்படி ஊர்தியின் வேகம் மணிக்கு 174 கிலோமீட்டர் வரை சென்றிருந்தது, இருக்கைப்பட்டியும் அணியப்படவில்லை.

ஆயினும் பதிவியின் அளவீடுகளை ஆராயாமல் ஏற்றுக்கொள்ள இயலாது. சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு வேகம் கணிக்கப்படுமிடத்து, சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ஊர்தி சறுக்கினால், பதிவாகும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கும். மோதலின் போது மின்னிணைப்பு அறுந்தால் பதிவு முழுமையடையாமற் போகலாம். ஆகவே சாலைத் தடயங்கள், ஊர்தியின் சேதம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே விபத்து ஆய்வாளர்கள் முடிவுக்கு வருகின்றனர்.

தரவின் உரிமை

பதிவி பொருத்தப்பட்டிருப்பதை உரிமையாளர் கையேட்டில் தெரிவிக்க வேண்டும் எனக் கோரும் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2004 இல் நடைமுறைக்கு வந்தது. 2015 ஆம் ஆண்டின் அமெரிக்க நடுவண் சட்டம், பதிவியிலுள்ள தரவு ஊர்தியின் உரிமையாளருக்கோ குத்தகைக்கு எடுத்தவருக்கோ உரியது என அறிவித்தது. அவரது ஒப்புதல், நீதிமன்ற ஆணை, அவசர மருத்துவ உதவி போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே பிறர் அதனைப் பெறலாம். பிடியாணையின்றிக் காவலர்கள் இத்தரவை எடுத்தது அரசியலமைப்பு குறிப்பிடும் சோதனையே ஆகும் என ஜோர்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது.

தொலைத்தொடர்பு வழிப் பகிர்வு

நிகழ்வுத் தரவுப் பதிவி தானாகத் தரவுகளை வெளியே அனுப்புவதில்லை. அவற்றைப் பெற ஊர்தியின் 16 முனைச் சோதனை இணைப்பியிலோ நேரடியாகக் கட்டுப்பாட்டு அலகிலோ கருவியைப் பொருத்த வேண்டும். இணைய இணைப்புள்ள தானுந்துகளின் தொலைத்தொடர்பு அலகு இதிலிருந்து வேறுபட்டது. அது இருப்பிடம், திடீர் பிரேக்கு, வேகம் முதலியவற்றை அன்றாட ஓட்டத்தின் போதே உற்பத்தியாளரின் வழங்கிகளுக்கு அனுப்ப வல்லது.

2015 ஆம் ஆண்டின் சட்டம் நிகழ்வுத் தரவுப் பதிவிக்கு மட்டுமே பொருந்தும். இதனால் மோதலையொட்டிய சில வினாடிகளுக்கு உள்ள அப்பாதுகாப்பு, நாள்தோறும் சேரும் ஓட்டத் தரவுகளுக்கு இல்லை. ஓட்டுநர்களின் இருப்பிடத்தையும் ஓட்டும் முறையையும் தக்க ஒப்புதலின்றித் திரட்டி விற்றதாக ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் மீது அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் 2025 சனவரியில் குற்றஞ்சாட்டியது. நுகர்வோர் குறித்து அறிக்கை வழங்கும் முகமைகளுக்கு அத்தரவுகளை ஐந்தாண்டுகள் கொடுக்கத் தடை விதிக்கும் ஆணையையும் அது முன்மொழிந்தது.