ஓலை பின்னிய வானதூதர்

வனத்து அந்தோணியாரை நம் மக்கள் நன்கறிவர். எகிப்தின் பாலைநிலத்தில் தவமிருந்து கி.பி. 356-இல் இறைவனடி சேர்ந்த அவரை, பேய்களோடு போரிட்டு வென்ற வீரராகவே ஆலயப் படங்கள் காட்டுகின்றன. ஆனால் பாலைநிலத் தந்தையரின் வாழ்வையும் வாக்கையும் திரட்டித் தரும் பழைய அகரவரிசைத் தொகுப்போ, அவர் சோர்ந்திருந்த ஒரு நாளை முதற்கண் வைத்துத் தொடங்குகிறது.

உள்ளம் இருண்டு, எதிலும் மனம் ஒட்டாமல், மீளும் வழி அறியாது அவர் இறைவனிடம் முறையிட்டார். சற்று வெளியே வந்தபோது, தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து வேலை செய்வதைக் கண்டார். அவர் வேலையை விட்டு எழுந்து செபித்தார். மீண்டும் அமர்ந்து ஓலைக் கயிறு பின்னினார். மீண்டும் எழுந்து செபித்தார். அவர் வானதூதர் என்றும், அவ்வாறே செய்யும்படி அந்தோணியாருக்குச் சொல்லப்பட்டது என்றும் மரபு கூறுகிறது.

இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். வானதூதர் கண்டிக்கவில்லை, நம்பிக்கை குறைந்தவர் என்று இடித்துரைக்கவுமில்லை. அமர்வதும், கையை அசைப்பதும், எழுந்து நிற்பதுமாக, சோர்ந்த உடலுக்கு இயலக்கூடிய சிறு செயல்களைத் தாமே செய்து காட்டினார். தொலைவில் எங்கோ போகச் சொல்லாமல், அவர் வாழ்ந்த இடத்திலேயே மருந்தைக் காட்டினார்.

அத்துறவியர் இச்சோர்வைக் கிரேக்க மொழியில் 'அக்கேதியா' என்று அழைத்தனர். அக்கறை அற்றுப்போன நிலை என்பது அதன் பொருள். கி.பி. 399-இல் மறைந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, நண்பகலில் வந்து தாக்கும் பேய் என்று இதனை வருணித்தார். கதிரவன் நகராமல் நிற்பது போலவும், பகற்பொழுது ஐம்பது மணி நேரம் நீள்வது போலவும் துறவிக்குத் தோன்றுமாம். அவர் அடிக்கடி சாளரத்தை நோக்குவார். தம் இடத்தையும் வாழ்வையும் வெறுப்பார். இன்று மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று கூறுவதும் அக்கேதியாவும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும், படுக்கையை விட்டு எழ இயலாத காலைப்பொழுதை அறிந்தவர், எவாக்ரியுஸின் எழுத்தில் தம் முகத்தைக் காண்பர்.

எகிப்தில் கண்டதையும் கேட்டதையும், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் மார்சேய் நகருக்குக் கொண்டு சென்றவர் யோவான் கசியான். பவுல் என்னும் ஒரு துறவியைப் பற்றி அவர் எழுதுகிறார். (இவர் நாம் வணங்கும் வனத்துச் சின்னப்பர் அல்லர்.) அவருடைய இருப்பிடத்திலிருந்து ஊருக்கு ஏழு நாள் வழி. செய்த பொருளை விற்கச் சுமந்து சென்றால், கூலிக்கும் கட்டாது. இருந்தும் நாள்தோறும் ஓலை சேர்த்து, தமக்குத் தாமே விதித்த அளவு வேலையைச் செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும், அனைத்தையும் தீயிட்டு எரித்தார்! வருவாய் அவருக்குப் பொருட்டன்று. கை அசைந்தால் உள்ளம் நிலைபெறும் என்பதையே அவர் அறிந்திருந்தார்.

இத்துணை பரிவோடு தொடங்கிய மரபு பின்னர் எங்கே திசைமாறியது? கி.பி. 604-இல் மறைந்த பாப்பரசர் பெரிய கிரகோரியார் தீய நாட்டங்களை ஏழாக வகுத்தபோது, துயரம் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. பிற்காலத்தில் அவ்விடத்தில் அக்கேதியா அமர்ந்தது. ஞானோபதேசத்தில் நாம் மனனம் செய்த தலையான பாவங்களின் பட்டியலில், அது 'சோம்பல்' ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார், துயரைத் தணிப்பவற்றுள் கண்ணீர், நண்பரின் பரிவு ஆகியவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் சேர்த்துக் கூறினார். உடலுக்குச் செய்யும் பணிவிடையை அம்மாமேதை இழிவாக எண்ணவில்லை. நாமோ பட்டியலை மனத்தில் இருத்தினோம், பரிவை மறந்தோம்.

நாமே இத்தவற்றைச் செய்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுச் சந்திப்பின்போது, நடுப்பகலிலும் பாயை விட்டு எழாத இளம் தாய் ஒருவரைக் கண்டோம். "சாமி, இவள் சோம்பேறி ஆகிவிட்டாள்" என்றார் மாமியார். "எழுந்து செபமாலை சொல்லம்மா, எல்லாம் சரியாகும்" என்று கூறிவிட்டு வந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

பாலைநிலத் தந்தையர் பட்டறிவால் கண்டதை மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில் அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தாலும் குழுவினரும் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. மனச்சோர்வு நோயுற்ற, 50 வயதைத் தாண்டிய 156 பேரில் சிலர் மருந்து உண்டனர். சிலர் உடற்பயிற்சி செய்தனர். சிலர் இரண்டையும் மேற்கொண்டனர். மருந்து விரைவில் பலன் தந்தது; ஆனால் 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். 2007-இல் வெளிவந்த அவர்களது மற்றோர் ஆய்வில் 202 பேர் பங்கேற்றனர். நோய்க்குறிகள் நீங்கியவர்கள், மருந்து உண்டவர்களில் 47 விழுக்காடு. கண்காணிப்பில் குழுவாகப் பயின்றவர்களில் 45. தம் வீட்டிலேயே பயின்றவர்களில் 40. மருந்தற்ற வெற்று மாத்திரை உண்டவர்களில் 31. வேறுபாடுகள் பெரியவையல்ல என்பதையும் மறைக்கலாகாது. உடற்பயிற்சி அற்புத மருந்தன்று. மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஆயினும் வீட்டின் நான்கு சுவர்களுக்குள்ளும் பயிற்சி செய்ய இயலும் என்பது, வெளியே தலைகாட்ட அஞ்சும் நோயாளிக்கு எத்துணை ஆறுதல்!

அந்த இளம் தாயை உறவினர் ஒருவர் பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் மாத்திரை தந்து, நாள்தோறும் நடக்கவும் சொன்னாராம். தெருவில் இறங்க அவருக்குக் கூச்சம். மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றபோது நாம் கண்ட காட்சி இது: திண்ணைக்கும் கிணற்றடிக்கும் இடையே அவர் நடந்துகொண்டிருந்தார். அவருடைய கையைப் பற்றியபடி கூடவே நடந்தவர் வேறு யாருமல்லர். சோம்பேறி என்று முன்பு குறைகூறிய அதே மாமியார்தாம். "தனியாக நடக்கச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறாள், சாமி. அதனால் நானும் நடக்கிறேன்" என்றார்.

நாம் செய்யத் தவறியதை அம்மூதாட்டி செய்துகொண்டிருந்தார். 'எழுந்திரு' என்று சொல்வது எளிது. வானதூதர் அதைச் சொல்லவில்லை. அந்தோணியாரின் கண்முன் தாமே எழுந்தார். நம் இல்லங்களில் யாரேனும் எழ இயலாமல் கிடக்கும்போது, முதலில் எழ வேண்டியவர்கள் நாமே.