இடக்கைப் பிள்ளையின் தொப்பி

1799-இல் வியன்னாவில் பீத்தோவன் தம் செல்லோ சொனாட்டா ஒன்றுக்குப் பியானோ வாசிக்க, செல்லோவின் பகுதியை டபுள் பாஸிலேயே வாசித்துக் காட்டினார் வெனிஸ்காரர் டிராகொனெட்டி. அவரைச் சென்ற வாரம் பார்த்தோம். பின்வரிசையில் உறுமிக்கொண்டிருந்த வாத்தியம் அன்று முன்னால் வந்தது.

நம் பக்கத்தில் அந்தக் காரியத்தைச் செய்தவர் என்று நான் சொல்வது மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையை (1908–1962). மலையடிவாரத்து ஊரான பழனியின் பெயரைச் சுமந்தவர். தகப்பனார் முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர்.

மிருதங்கத்தில் மரியாதை எல்லாம் வழக்கமாக வலக்கை வாசிக்கும் முகமான வலந்தலைக்கு. கறுப்புச் சாதம் நிலையாக ஒட்டியிருப்பதும் அங்கேதான். மறுபக்கத்து முகமான தொப்பிக்கோ கச்சேரிக்கு முன் பிசைந்த ரவையை அப்பி, முடிந்ததும் சுரண்டிப் போடுவார்கள். பழனியார் அந்தத் தொப்பியைப் பேச வைத்தார். அடித்த கையை எடுக்காமல் மணிக்கட்டுப் பக்கத்தால் தோலை அழுத்தி நகர்த்தினால் நாதம் வளைந்து மேலேறும்; அதுதான் கும்கி. அவருக்கு முன்பும் கும்கி உண்டு. ஆனால் பாட்டின் போக்கையே தொப்பியில் கேட்கிறோம் என்ற உணர்வை ரசிகனுக்குக் கொடுத்தது அவருடைய கை.

இடக்கைக்காரர் என்பதால் வந்த வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய பலமான இடக்கை வலந்தலையில் இருந்தது. தொப்பியில் விழுந்தது வலக்கை. அது பலத்தால் வந்த நாதமல்ல, நிதானத்தால் வந்தது.

இடக்கையால் வந்ததெல்லாம் தொல்லைதான். வழக்கம்போல் பாடகரின் வலப்புறம் உட்கார்ந்தால் வலந்தலை சபைக்கு மறைந்துவிடும். அவரை இடப்புறம் உட்கார வைத்தால் பிடில்காரர் இடம் மாற வேண்டும். சிலருக்கு அது ஒப்பவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைக் கைதூக்கிவிட்டார். பாலக்காடு மணி ஐயருக்கும் ஆதரவாக இருந்த அதே செம்பை! பிற்பாடு மணி ஐயர் மிருதங்கம், பழனியார் கஞ்சிரா என்று இருவரும் ஒரே மேடையில் அமர்ந்த கச்சேரிகளும் உண்டு.

சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். பழனி பாணி அவரோடு கனடா போயிற்று.

ஒரே தோலில், தண்ணீர் தொட்டுச் சுருதியைத் தாழ்த்திக் கும்கியை வாங்கும் கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை அடுத்த வாரம்.