கூட்டமும் களமும்: அரிப்பு முத்துக்குளிப்பு முகாம்கள் முதல் பாடசாலைப் பெருஞ்சமர்கள் வரை

பாடசாலை உதைபந்தாட்டத் தொடரொன்று அரையிறுதியை எட்டும்போது, வெற்றி தோல்விக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று எழுகிறது. ஆட்டத்தை எங்கே வைப்பது? பாடசாலையின் சொந்தத் திடலிலா, நகரத்தின் பொது மைதானத்திலா, தலைநகரின் விளையாட்டரங்கிலா? இதை நிர்வாக ஒழுங்கு பற்றிய சிறு விடயமாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் யார் வந்து பார்க்கலாம், யார் ஊரிலேயே தங்கிவிட நேரும், பயணச் செலவு யார் தலையில் விழும், நுழைவுச்சீட்டு வருமானம் யார் கைக்குப் போகும் என்பனவெல்லாம் அந்த ஒரு தெரிவிலேயே முடிவாகிவிடுகின்றன. இக்கட்டுரை அக்கேள்வியை மன்னார்க் கரையின் அரிப்பிலிருந்து அணுகுகிறது. மன்னார் உதைபந்தாட்டத்தில் ஊறிய மாவட்டம் என்பது ஒரு காரணம். பருவகாலப் பெருந்திரளுக்கு இடம் தெரிவுசெய்த நீண்ட அனுபவம் இக்கரையின் முத்துக்குளிப்பு வரலாற்றில் எழுத்தில் பதிவாகியிருப்பது அதைவிட வலுவான காரணம். கூட்டம் எதற்காகக் கூடுகிறதோ அதற்கு அருகிலேயே களம் அமைய வேண்டும். தண்ணீர், மருத்துவம், ஒழுங்கு முதலிய வசதிகளை அக்களத்துக்குக் கொண்டுவரும் கடமை அக்கூட்டத்தால் பயன்பெறுவோருடையது. இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிபு இதுவே.

முகாம் நகர்ந்த கதை

அருவி ஆறு கடலோடு கலக்குமிடத்தில், மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலக் கரையில் அமைந்த ஊர் அரிப்பு. அதற்கு மேற்கே, கரையிலிருந்து பல மைல் தொலைவில், பெரிய பார், சேவல் பார் முதலிய முத்துப்படுகைகள் கடலடியில் கிடக்கின்றன. இரு பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் அமைதியுறும் மாசி, பங்குனி, சித்திரையை ஒட்டிய சில வாரங்களே குளிப்புக்கு ஏற்றவை. எல்லா ஆண்டுகளிலும் சிப்பி விளைவதில்லை. விளையும் ஆண்டுகளிலும் ஒரே பாரில் விளைவதில்லை. ஆகவே களம் நிலையாக இருக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைநாடுகளில் பயணம் செய்த வெனிசு வணிகர் சீசர் பிரெடெரிக் இதைத் தெளிவாகக் குறித்திருக்கிறார். எந்தப் படுகையில் சிப்பி மிகுதி என்பதை முதலில் கண்டறிந்து, அதற்கு நேர் எதிரான கரையில் ஓலையாலும் வைக்கோலாலும் வீடுகளும் கடைத்தெருவும் கொண்ட ஓர் ஊரை எழுப்புவார்கள் என்றும், குளிப்பு முடிந்ததும் அது கலைந்துவிடும் என்றும், சில ஆண்டுகளில் அது மக்கள் வாழும் ஊர்களுக்கு அருகிலும் வேறு ஆண்டுகளில் தொலைவிலும் அமையும் என்றும் அவர் எழுதினார். களத்தெரிவுக்கான விதி இங்கே மிகத் தொன்மையான வடிவில் கிடைக்கிறது. இடம் எவ்வளவு வசதியானது என்பது இரண்டாம் கேள்வி. படுகை எங்கே இருக்கிறது என்பதே முதற்கேள்வி.

ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கரையோரம் பிரித்தானியர் கைக்கு வந்த பின் நடந்த குளிப்புகளில் இவ்விதி எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதைக் காணலாம். முகாம் கொண்டச்சிக் குடாவில் அமைந்தது. 1803இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட இராணுவ அதிகாரி றொபர்ட் பேர்சிவல், கொண்டச்சியை வறண்ட மணல்வெளியாகவும், குளிப்புக் காலத்தில் பல தேசத்தார் நெருங்கிய நகராகவும் விவரிக்கிறார். சில மைல் வடக்கேயுள்ள அரிப்பே அப்பகுதியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம் என்றும், குளிப்பை நடத்திய அதிகாரிகள் அங்கேதான் தங்கினர் என்றும் அவர் சொல்கிறார். இத்தகவலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் இடவிவரணையாகவே கடந்துவிடுகின்றனர். என் வாதத்துக்கு இது மையமான சான்று. தண்ணீரும் அதிகாரிகளின் தங்குமிடமும் அரிப்பில் இருந்தும் முகாம் அங்கே செல்லவில்லை. அரிப்பு துணைத்தளமாயிற்று, கொண்டச்சி களமாயிற்று. வசதி இருக்கும் இடத்துக்குக் கூட்டத்தை இழுப்பதற்குப் பதிலாக, களத்துக்கும் துணைத்தளத்துக்கும் வேலையைப் பங்கிட்டார்கள்.

இதற்கு எதிரான முயற்சியும் அரிப்பிலேயே கல்லில் நிற்கிறது. முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், 1801 முதல் 1804 வரையான ஆண்டுகளில், அரிப்பின் கடலோரக் குன்றில் தமக்கென ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். கிரேக்கத் தூண்முறையில் அமைந்த அக்கட்டடம் டோரிக் மாளிகை எனப் பெயர்பெற்றது. குளிப்பை மேற்பார்வையிடவும், ஆட்சியின் மாண்பைக் காட்டவும் அது உதவியது. கடலிலிருந்து திரும்பும் வள்ளங்களுக்கு அடையாளமாகவும் விளங்கியது. ஆனால் நிலையான அந்த மாளிகையால் முகாமைத் தன்னருகே நிறுத்திவைக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளிப்பு முகாம் சிலாபத்துறையில் அமைந்தது. 1903 முதல் 1907 வரை இன்னும் தெற்கே மரிச்சுக்கட்டிக்குச் சென்றது. மாளிகை கடலரிப்பால் இடிந்து இன்று சுவர்களாக எஞ்சியிருக்கிறது. கூட்டத்துக்கான பெருங்கட்டடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிகழ்ச்சி நடக்க வேண்டும் என்று வாதிடுவோர் இவ்வரலாற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெருந்திரளைத் தாங்கிய முறை

மரிச்சுக்கட்டி முகாமின் மக்கள்தொகையை அக்காலத்தோர் இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை பலவாறு மதிப்பிட்டனர். கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய கரைகளின் குளியாட்களும், பாரசீக வளைகுடாவின் அரபுக் குளியாட்களும், தென்னிந்திய வணிகர்களும் அங்கே கூடினர். காட்டோரத்தின் வெறும் மணற்பரப்பில் தெருக்கள், நீதிமன்றம், மருத்துவமனை, சிறை, தபால் தந்தி நிலையம் எல்லாம் சில வாரங்களுக்காக எழுப்பப்பட்டன. வாந்திபேதி பரவினால் குளிப்பே நின்றுவிடும் என்பதால் குடிநீரும் துப்புரவும் அரசின் முதற்கவலையாயின. 1906இல் இளம் அதிகாரியாக அங்கே பணியாற்றிய லெனாட் வூல்ஃப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், அவ்வளவு பெரிய கூட்டத்தை மிகச் சில அதிகாரிகளும் பொலிசாரும் ஒழுங்கில் வைத்திருந்ததை நினைவுகூர்கிறார். பலத்தை விட அமைப்பே அதைச் சாத்தியமாக்கியது. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் கொட்டு எனப்பட்ட வேலியிட்ட கொட்டகைக்குள் வந்தன. ஒவ்வொரு வள்ளத்தாரும் தம் சிப்பியை மூன்று சம பங்காகக் குவித்தனர், எந்த இரண்டு குவியல் அரசுக்கு என்பதை அதிகாரி பின்னரே தெரிவுசெய்தார், எஞ்சியது குளியாட்களுக்கு. பங்கிடுபவர் ஒருவர், தெரிவுசெய்பவர் இன்னொருவர் என்பதால் ஏமாற்ற இடமில்லாமற் போயிற்று. வழியும் வேலியும் நேர்மையான விதியும் இருந்தபோது தற்காலிகக் களமே போதுமானதாக இருந்தது.

வருமானம் பெறுவோரே எல்லாவற்றையும் தீர்மானித்தால் என்ன நேரும் என்பதற்கும் இதே கரையில் சான்று உண்டு. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த ஆண்டு படுகைகள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு, 20 ஆண்டுக் குத்தகையில், இலண்டனில் அமைந்த ஒரு கம்பனிக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி விளைச்சல் கைகொடுக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனி கலைந்தது. நீரோட்டம், மணல் மூடல், சிப்பி தின்னும் மீன்கள் என இயற்கைக் காரணங்களும் இதில் உண்டு. ஆயினும் வருமானக் கணக்கு முன்னே நின்றபோது படுகையின் ஆற்றல் பின்னே தள்ளப்பட்டது என்ற பாடம் மறுக்க முடியாதது.

மடுவும் பெருஞ்சமர்களும்

முத்துக்குளிப்பு ஓய்ந்த பின்னும் மன்னார் மாவட்டம் பெருந்திரளை ஏற்கும் கலையை இழக்கவில்லை. மடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் காட்டு நடுவே கூடுகிறார்கள். கூட்டம் பெரிதென்பதற்காகத் திருவிழாவை நகருக்கு மாற்ற யாரும் முன்மொழிவதில்லை. குடிநீர்த் தாங்கிகளும், தற்காலிக மலசலகூடங்களும், மருத்துவ முகாம்களும், விசேட பேருந்துகளும் மடுவுக்குச் செல்கின்றன; திருச்சபையும் மாவட்டச் செயலகமும் அப்பொறுப்பைப் பகிர்கின்றன. கொண்டச்சியிலும் மரிச்சுக்கட்டியிலும் கண்ட விதி இங்கே வேறொரு நோக்கத்துக்காகத் தொடர்கிறது.

பாடசாலை விளையாட்டில் இவ்விதி எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு யாழ்ப்பாணமே நெருங்கிய சான்று. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படும் துடுப்பாட்டப் பெருஞ்சமர், போர்க்காலத் தடைகளைத் தாண்டி, நெடுங்காலமாகக் கோட்டையை அடுத்த மத்திய கல்லூரித் திடலில் நடந்துவருகிறது. ஒரு தரப்பின் சொந்தத் திடலாக இருந்தும் அது இருதரப்புக்குமான களமாக ஏற்கப்பட்டதற்கு அதன் அமைவிடத்தை நான் காரணமாகக் கொள்கிறேன். நகரின் பேருந்து நிலையத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் நடந்தே வரலாம். பக்கத்தில் முற்றவெளி விரிந்து கிடக்கிறது. கொழும்பில் றோயல், புனித தோமையர் கல்லூரிகளின் துடுப்பாட்டப் போட்டி வேறு வழியில் சென்றது. 1879இல் காலிமுகத்தில் தொடங்கிய அது, கூட்டம் பெருகப் பெருக இடம் மாறி, இன்று எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடக்கிறது. ஆனால் அந்த இடமாற்றங்கள் எல்லாம் கொழும்புக்குள்ளேயே நிகழ்ந்தன. களம் பெரிதானபோதும் அக்கூட்டத்தின் ஊரை விட்டு அது விலகவில்லை. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சேர்த்துப் பார்த்தால், கூட்டம் பெருகுவது களத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோவதற்கான காரணமாகாது என்பது தெளிவாகும்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு எதிராக எழக்கூடிய முதல் மறுப்பு, முத்துக்குளிப்பையும் பாடசாலை ஆட்டத்தையும் ஒப்பிடலாமா என்பது. படுகையைக் கரைக்கு நகர்த்த முடியாது. ஆட்டத்தை எங்கும் நகர்த்தலாம். இந்த வேறுபாடு உண்மையே. ஆனால் பாடசாலை ஆட்டத்துக்கும் நகர்த்த முடியாத ஒன்று இருக்கிறது: அந்தப் பாடசாலையைத் தன்னுடையதாகக் கருதும் சமூகம். கடற்றொழிலும் வயல்வேலையும் செய்யும் பெற்றோர், ஒருநாள் உழைப்பை விட்டு, பேருந்துக்குப் பணம் கொடுத்து, கொழும்புக்குப் போய் இரவு திரும்புவது எளிதன்று. களம் தொலைவுக்குப் போனால் ஆட்டம் நடக்கும். அதைத் தம்முடையதாகக் கொண்டாட வேண்டியோர் அங்கே இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு நடுநிலை பற்றியது. சொந்தத் திடலில் ஆடும் அணிக்குக் கூட்டத்தின் ஆதரவு அநியாயமான அனுகூலம் ஆகாதா? ஆகும். அதற்கு விடை 1945 முதல் றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையே நடக்கும் பிரட்பி கேடய றக்பிப் போட்டியில் இருக்கிறது. ஓர் ஆட்டம் கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகையே கேடயத்தைத் தீர்மானிக்கிறது. இரு ஊராரும் தத்தம் ஊரிலேயே ஆட்டத்தைக் காண்கின்றனர். இரு ஆட்டங்களுக்கு நாளும் பணமும் இல்லாத தொடர்களில், ஒரு பாடசாலை தகுதியான இரண்டு திடல்களை முன்மொழிய, எதிர்ப் பாடசாலை அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். தான் முன்மொழிவதில் எது தெரிவாகும் என்று தெரியாதபோது, இருவருக்கும் ஏற்ற இடங்களையே எவரும் முன்மொழிவர். கொட்டுக்குள் மூன்று குவியலுக்குப் பொருந்திய நேர்மை மைதானத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது: பாதுகாப்பு. சிறிய திடலில் பெருங்கூட்டம் நெருங்கினால் உயிராபத்து நேரலாம். ஆனால் விளையாட்டு வரலாற்றின் கொடிய நெரிசல்களில் சில, பெரிய அரங்குகளிலேயே நிகழ்ந்தன. 1980 ஓகஸ்ட் 16இல் கொல்கத்தாவின் ஈடன் கார்டன்சில், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளின் உதைபந்தாட்டத்தின்போது 16 பேர் இறந்தனர். 1989 ஏப்ரல் 15இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் உதைபந்தாட்ட அரையிறுதி ஒன்றின்போது நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. நடுநிலையும் பெரிய கொள்ளளவும் கருதியே அந்த அரையிறுதிக்கு அவ்வரங்கு தெரிவானது. வாயில்களின் நெருக்கமும், உள்ளே வந்தோரைச் சரியான பகுதிகளுக்கு வழிப்படுத்தாமையும், பொலிசின் தவறான முடிவுகளுமே அங்கே உயிர் குடித்தன. ஆகவே கொள்ளளவைக் கணக்கிட்டு அதற்கு மேல் சீட்டு வழங்காமை, வருவோருக்கும் போவோருக்கும் தனிவழி, இரு தரப்பு ஆதரவாளருக்கும் வேறு வாயில், அம்புலன்ஸ் நுழையத் திறந்த பாதை என்பனவே பாதுகாப்பு. அவற்றை மன்னாரின் ஒரு பாடசாலைத் திடலிலும் செய்யலாம். செய்யாவிட்டால் தலைநகரின் அரங்கிலும் ஆபத்து நீங்காது. இவற்றைச் செய்தும் தாங்காத அளவுக்குக் கூட்டம் வருமென்றால், அதே மாவட்டத்தின் பெரிய மைதானத்துக்கு ஆட்டத்தை மாற்றுவது நியாயமே. முகாமும் ஒரு குடாவிலிருந்து இன்னொன்றுக்குத்தான் நகர்ந்தது, அந்தக் கரையை விட்டு அகலவில்லை.

இந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கான மூன்று முடிபுகள் கிடைக்கின்றன. போட்டி அமைப்பாளர்கள் களம் தெரிவுசெய்யும்போது இருக்கைகளை எண்ணுவதற்கு முன், ஆதரவாளர் எங்கிருந்து, என்ன செலவில், எவ்வளவு நேரத்தில் வருவர் என்பதைக் கணக்கிட வேண்டும். தெரிவான களத்தில் குடிநீரும் மலசலகூடமும் முதலுதவியும் இல்லையென்றால், அக்குறையைக் களத்தை நிராகரிக்கும் காரணமாக்காமல், நுழைவுச்சீட்டு வருமானத்தின் ஒரு பங்கால் முதலில் நிறைவுசெய்ய வேண்டும். வருமானம் பெறும் அமைப்பு தனித்து முடிவெடுக்காமல், இரு பாடசாலைகளும் உள்ளூராட்சி மன்றமும் சுகாதாரத் துறையும் அம்முடிவில் பங்கேற்க வேண்டும். இன்றைய வசதிகள் இல்லாத காலத்தில், மணற்காட்டில் பல்லாயிரம் பேருக்குச் சில வாரங்களுக்கு ஒரு நகரை எழுப்பிய கரை இது. தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குத் தன் பிள்ளைகளின் சொந்தத் திடலை ஆயத்தப்படுத்த இக்கரையால் முடியாது என்ற வாதத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை.