பனாபாத் தீவும் 999 ஆண்டு ஒப்பந்தமும்

பசிபிக் பெருங்கடலில், நௌருத் தீவிற்குக் கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பனாபா. ஆங்கிலேயர் இதனை ஓசன் தீவு என வழங்கினர். இதன் பரப்பு ஏறத்தாழ 6 சதுரக் கிலோமீட்டரே. கடலினின்று உயர்ந்தெழுந்த பவளப்பாறைத் தீவாதலின் ஈண்டு ஆறுகள் இல்லை. மழை பொய்க்குங்கால், நிலத்தடிக் குகைகளில் ஊறும் நீரை மகளிரே முகந்து வருதல் மரபு. இத்துணைச் சிறு நிலம் ஒரு பேரரசின் கருத்தை ஈர்த்தது எங்ஙனம்? அதன் மண்ணே காரணம். பயிருக்கு உரமாகும் பாசுபேட்டு அதில் மிகுந்திருந்தது.

1900ஆம் ஆண்டு மே திங்களில் பசிபிக் தீவுகள் கம்பெனியின் சார்பில் ஆல்பர்ட் எல்லிசு ஈண்டு வந்தார். ஆண்டுக்கு 50 பவுன், அல்லது அம்மதிப்புள்ள பண்டம்; அதற்கு ஈடாக 999 ஆண்டுக்குத் தோண்டும் உரிமை. இதுவே அவர் பெற்ற ஒப்பந்தம். அது தீவின் மன்னரோடும் மக்களோடும் செய்துகொண்டதாக எழுதப்பெற்றது. ஆயின் தீவு முழுதாண்ட மன்னர் எவரும் ஆங்கு இலர். நிலம் தனித்தனிக் குடியினர்க்கே உரியது. இல்லாத மன்னரை ஏடு படைத்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1901இல் தீவு பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டது. 1920இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் இத்தொழிலைக் கைக்கொண்டன. நிலம் தர மறுத்தோரிடமிருந்து அதனைக் கட்டாயமாகப் பெறவும் 1928இல் சட்டம் இயற்றப்பெற்றது. 1942இல் தீவைப் பிடித்த ஜப்பானியர் மக்களைப் பிற தீவுகளுக்குச் சிதறடித்தனர். போர் முடிந்தபின் அவர்கள் தாயகம் திரும்பவில்லை. 1945 டிசம்பரில் ஃபிஜியைச் சார்ந்த ராம்பித் தீவில் குடியேற்றப்பெற்றனர். அத்தீவும் அவர்தம் பாசுபேட்டு வருவாயைக் கொண்டே வாங்கப்பெற்றதாகும்.

பின்னர்ப் பனாபா மக்கள் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். 1976இல் நீதிபதி மெகாரி தீர்ப்பளித்தார். அரசுக்கு இருந்தது ஆட்சிக் கடமையே. நீதிமன்றம் ஏவி நிறைவேற்றத்தக்க காப்பாளர் கடமை அன்று என்பது அவர் முடிவு. எனினும், தம்மால் திருத்தவியலாத தீங்கு ஒன்று உண்டென அவர் அரசுக்குச் சுட்டிக்காட்டினார். தீங்கு ஒப்புக்கொள்ளப்பெற்றது, தீர்வு கிட்டவில்லை.

1979இல் தோண்டுதல் ஓய்ந்தது. அவ்வாண்டே விடுதலை பெற்ற கிரிபட்டி நாட்டில் பனாபா அடங்கிற்று. பனாபா மக்களுட் பெரும்பாலார் ராம்பியில் வாழ்கின்றனர். ஒரு நிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஒப்பந்த ஏட்டை மட்டும் சான்றாகக் கொள்ளின், மன்னர் இருந்தார் என்றும் மக்கள் இசைந்தனர் என்றுமே எழுத நேரும். அந்நிலத்து வாழ்வையும் உடன்வைத்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது என்பதே யாம் ஈண்டு வலியுறுத்த விழைவது.