பேராதனைக்குக் கூத்து வந்த கதை

 

நம்ம மலையிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே போய்க் கடைசி வரிசையில் இருந்து நோட்ஸ் மட்டும் எழுதுகிறார்கள். கேள்வி கேட்க வாய் வருவதில்லை. "பிள்ளைக்குக் கூச்சம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கற்பிக்கும் முறையால் அந்தக் கூச்சத்தை உடைக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம்ம நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

பேராதனை வளாகத்தில் இருந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். கிராமத்து நாடகம மரபை எடுத்து, பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த நாடகம் அது. சிங்கள நாடகத்தின் போக்கையே அது மாற்றியது.

அதே வளாகத்தில் தமிழ்த்துறையில் இருந்தவர் சு. வித்தியானந்தன். தமிழரிடமும் கூத்து இருந்தது. ஆனால் படித்தவர்கள் அதை நாட்டுப்புறத்து ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்த காலம். அவர் மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் போனார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்தக் கலைஞர்களைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆசிரியர்களாக்கினார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. அதன் பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று தொடர்ந்தன. வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கூத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் நவீன மேடைக்குச் சுருக்கமாக வந்தது.

இதில் மாணவர்கள் என்ன படித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தரு, விருத்தம், தாளக்கட்டு எல்லாவற்றையும் காலாலும் குரலாலும் படித்தார்கள். மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் பாத்திரமாக நின்று படித்தார்கள். எதை வெட்டுவது, எதை வைப்பது என்று விவாதிக்காமல் ஒரு இரவுக் கூத்தைச் சுருக்க முடியாது. அந்த விவாதம்தான் உண்மையான இலக்கிய வகுப்பு.

மட்டக்களப்பிலிருந்து போன சி. மௌனகுரு அந்த மாணவர்களில் ஒருவர். 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடியவர் அவர். பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஊரில் பார்த்து வளர்ந்த ஆட்டமே அவருக்கு ஆய்வானது. வித்தியானந்தன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

இனி நம்ம பக்கம் வருவோம். மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் எல்லாம் இருக்கின்றன. முஸ்லிம்களிடம் றபான் பைத்தும் களிகம்பும் இருக்கின்றன. நாங்கள் பிள்ளைகளிடம் "அதையெல்லாம் விட்டுவிட்டுப் படி" என்கிறோம். பிள்ளையும் நம்பிவிடுகிறது, தன் வீட்டில் படிப்புக்கு உதவும் எதுவும் இல்லை என்று. அந்த நம்பிக்கையோடு பல்கலைக்கழகம் போகிற பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

கூத்து ஆடினால் சோதனையில் புள்ளி வருமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். நேரமும் குறைவு, பாடத்திட்டமும் பெரிது. எல்லாப் பாடத்தையும் ஆடிக்காட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தவணைக்கு ஒரு பாடம் போதும். வரலாறு என்றால், தோட்டத்துக்கு ஆட்கள் வந்த பாதையைப் பிள்ளைகளே ஒரு காட்சியாக எழுதட்டும். பாட்டிமாரிடம் கேட்டு வந்து எழுதட்டும். கேட்கப் பழகின பிள்ளை விரிவுரை மண்டபத்திலும் கேட்கும்.

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வகுப்பிலும் கடைசி வரிசைப் பிள்ளையிடம் ஊர்ப்பாட்டு ஒன்று கேட்டுப் பாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தப்பு அடிக்க, கூத்துப் பாட்டுப் பாட, றபான் தட்டத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள். பேராதனையே அண்ணாவிமாருக்குக் கதவைத் திறந்தது. நம்ம பாடசாலைக் கதவு அதைவிடப் பெரிதா?