ஐஸ் கட்டியின் வெள்ளை நடு

திருத்துறைப்பூண்டியில் மீன் பெட்டிக்காக உடைபடும் ஐஸ் கட்டியின் ஓரம் தெளிந்திருக்கும். நடுப்பகுதி பால்போல் வெளுத்திருக்கும். தண்ணீர் மோசம், அம்மோனியா கலந்துவிட்டது என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வெள்ளை பெரும்பாலும் காற்றுதான்; கட்டி எந்தத் திசையிலிருந்து உறைந்தது என்பதன் தடயம் அது. இதற்குச் சாட்சி பழைய ஐஸ் வியாபாரத்திலேயே இருக்கிறது. பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ், அவருடைய சரக்குக்காக 1842இல் எழுந்த கிடங்கு. அந்தச் சரக்கு வெட்டப்பட்ட மாசசூசெட்ஸ் ஏரிகள் மேலிருந்து கீழாக, மெதுவாக உறைபவை. நீரில் கரைந்த காற்று கீழே தள்ளப்பட்டுவிடுவதால் கட்டி தெளிவாக அமையும். மேலே பெய்த பனி நனைந்து உறைந்தால் வெள்ளை ஏடு படியும். அதைச் சீவி எறிந்துவிட்டுத்தான் வெட்டினார்கள். 1846-47 குளிர்காலத்தில் அங்குள்ள வால்டன் ஏரியில் ஐஸ் வெட்டியதைப் பார்த்த எழுத்தாளர் தோரோ, அந்தக் கட்டிகள் தூரத்தில் நீலமாகவும் ஆற்று ஐஸ் வெள்ளையாகவும் தெரிந்ததை எழுதிவைத்தார்.

ஐஸ் கம்பெனியில் கதை தலைகீழ். உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய தகர அச்சு நாலா பக்கமிருந்தும் உறைகிறது. காற்றுக்குப் போக்கிடம் இல்லை, நடுவில் குமிழிகளாகச் சிக்குகிறது. ஒவ்வொரு குமிழியும் எல்லா நிறத்தையும் சிதறடிப்பதால் வெண்மை. பனித்துகள்களுக்கிடையே காற்று நிறைந்த இமயப் பனி வெளுத்திருப்பதும் இப்படித்தான். குளிரூட்டும் அம்மோனியா குழாய்க்குள்ளேயே சுற்றுவது, தண்ணீரைத் தொடுவதில்லை. தண்ணீரின் உப்பும் நடுவில்தான் ஒதுங்கும் என்பதால் தண்ணீர் மீதான சந்தேகம் முழுக்கப் பொய்யுமல்ல. ஆனால் உறையும்போது காற்றூதிக் கலக்கினால் அதே தண்ணீர் தெளிந்த கட்டியாகிறதே! மீனுக்குப் போகும் கட்டிக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்?

தோரோ கண்ட நீலம் வானத்தின் பிரதிபலிப்பு அல்லவா என்று கேட்கலாம். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1921 கப்பல் பயணத்தில், நிக்கோல் பட்டகத்தால் கடல் பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் போகவில்லை. 1923இல் பனியாறுகளின் நிறத்தைப் பற்றியும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலுக்கு அவர் தந்த முக்கியத்துவம் இன்று குறைந்துவிட்டது. பனிக்கட்டி சிவப்பொளியைச் சிறிது சிறிதாக விழுங்குவதே முதன்மைக் காரணம். அது கண்ணில் படச் சில மீட்டர் கனமாவது வேண்டும். ஆகவே மார்க்கெட் கட்டியின் தெளிந்த ஓரம் நிறமற்றே தெரிகிறது. தெளிவைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு: உறைவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை; கண்ணாடிபோன்ற ஏரி ஐஸுக்கும் இது பொருந்தும்.